குடத்தில் கிடைத்த முதல் மில்

உத்திரமேரூர் வேதகிரி பன்னிரண்டு வருஷமாக நிருபர். சென்னையில் ஒரு வணிகப் பத்திரிகைக்கு நெல், மணிலாக்கொட்டை விலைகளை எழுதி பஸ்ஸில் கவர் கொடுத்தனுப்புவார். அது அச்சாகி ஊர் திரும்ப நான்கு நாள் ஆகும். அதற்குள் விலை மாறியிருக்கும். ஆகவே அவர் எழுதியதெல்லாம் தானாகவே வரலாறாகிவிட்டது. வரலாற்று ஆசிரியராவதற்கு அவர் தனியாகப் பாடுபடவில்லை.

அவருடைய மனைவி சுலோச்சனா அந்தப் பத்திரிகையைப் பிரித்ததே இல்லை. "கடைக்காரன் சொல்றதுதான் விலை. இவரு சொல்றத எவன் கேக்கறான்?" என்பாள். பொருளாதாரம் பற்றி அந்த வீட்டில் நடந்த தெளிவான பேச்சு அது ஒன்றுதான்.

1982இல் யோகம் அடித்தது. வட்டார அரிசி மில்களின் வரலாற்றை முன்னூறு பக்கத்தில் எழுதி முடித்திருந்தார். மில் முதலாளிகள் சங்கம் அச்சுப் போட ஒப்புக்கொண்டது. அட்டையில் தன் பெயர் வர வேண்டும் என்பதைத் தவிர ஐம்பத்தொரு வயதில் அவருக்கு வேறு ஆசை கிடையாது. ஒரே ஒரு வரியில்தான் தகராறு: வட்டாரத்தில் முதல் மில்லைப் போட்டது யார்?

சங்கத் தலைவர் ஏகாம்பரத்தைக் கேட்டால், அவருடைய பாட்டன். செயலாளர் கன்னியப்பனைக் கேட்டால், அவருடைய பாட்டன். வாலாஜாபாத் ரயில் நிலையத்தின் பழைய சரக்குப் பதிவேட்டைக் கேட்டால், 1924இல் முதல் மில் இன்ஜினை இறக்கிக்கொண்டு போனது ஷாஜாதி என்ற விதவை. அவளுடைய பேரன் பீர் முகம்மது கடைத்தெருவில் சாக்கு வியாபாரம் செய்தார். சங்கத்தில் உறுப்பினர் இல்லை. ஆகவே அவருக்குப் பாட்டியும் இல்லை.

பதிவேட்டிலிருந்து வேதகிரி எழுதி வந்த நகலை ஏகாம்பரம் விசிறியாக்கிக்கொண்டார்.

"இன்னாய்யா வேதகிரி, ரயில்வேக்காரன் எழுதிவச்சா அது சரித்திரமா? நம்ம ஊரு கோயில் செவுத்துல இன்னா கீது? கொடத்துல ஓலையப் போட்டு ஆளை எடுன்னு கீது. அதான்யா சரித்திரம்."

சோழர் காலத்தில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த முறையில் பாட்டன்களையும் எடுத்துவிடலாம் என்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்தது.

"நடந்து முடிஞ்சத எப்டிண்ணே குலுக்கி எடுப்பீங்க?" என்றார் வேதகிரி.

"அந்தம்மா பேரையும் ஒரு ஓலையில எழுதிப் போடேன். நாங்க இன்னா வாணாம்னா சொல்றோம்?" என்றார் கன்னியப்பன், பெருந்தன்மையோடு. இப்படியாக உண்மைக்கும் மூன்றில் ஒரு வாய்ப்பு கிடைத்தது.

ஓலை எடுக்க அதே ஊர்க்காரியான என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். ஊரில் தங்காதவளுக்குக் கட்சி இருக்காது என்பது அவர்கள் எண்ணம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். கன்னியப்பன் வாங்கிப் பார்த்தார். ஒரே சொல்தான்; படிக்க வெகுநேரம் பிடித்தது.

"ஷாஜாதி."

"கொடத்த நல்லா குலுக்கல. இன்னொரு தபா எடும்மா" என்றார் ஏகாம்பரம்.

குலுக்கலே கூடாது என்று சொன்ன வேதகிரி எழுந்து வந்து குடத்தின் வாயைக் கையால் மூடினார். "ஓலை ஒரு தபாதாண்ணே. சரித்திரம்னு நீங்கதான சொன்னீங்க?" பதிவேட்டின் நகல் பக்கத்திலேயே கிடந்தது. அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சபையில் எது சாட்சி என்று அவருக்குப் புரிந்துவிட்டிருந்தது.

ஏகாம்பரம் குரலைத் தணித்தார். "நாளைக்கே பிரஸ்ஸுக்குப் போவுதுய்யா. ஒரு வரி. பேரை மட்டும் மாத்திக் குடு. அட்டையில உன் பேரு இம்மாம் பெருசா வரும்."

வேதகிரி அட்டையை நினைத்துப் பார்த்தார். தேவைக்கு மேலேயே நினைத்தார் என்று எனக்குத் தோன்றியது.

"முடியாதுண்ணே" என்றார். குடத்தின் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

அந்த வருஷம் சங்கம் வரலாற்றுக்குப் பதிலாகக் காலண்டர் போட்டது. இரண்டு பாட்டன்களும் அருகருகே, மாலையோடு. மிச்சமிருந்த இடத்தில் தேதிகள்.

வேதகிரி தன் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பினார். எண்ணெய் விலைக்குக் கீழே இரண்டு வரி வந்தது: உத்திரமேரூர் வட்டாரத்தின் முதல் அரிசி மில்லை 1924இல் நிறுவியவர் ஷாஜாதி, ஆதாரம், சரக்குப் பதிவேடு. முன்னூறு பக்கத்தில் அச்சேறியது அவ்வளவுதான். பீர் முகம்மது அதை வெட்டிக் கடையில் ஒட்டிக்கொண்டார். நிருபர் பெயர் போடும் வழக்கம் அந்தப் பத்திரிகைக்கு இல்லை.