தமயந்தியின் வலது மணிக்கட்டு

கோரமங்களாவில் ஒரு மாடியில் நடந்த பிலாட்டீஸ் வகுப்புக்குத் தமயந்தி முதலில் போனது தரை துடைக்கத்தான். பாயில் படுத்தும் ஊன்றியும் மூச்சைக் கவனித்து வயிற்றையும் முதுகையும் பலப்படுத்தும் அந்தப் பயிற்சியை, துடைப்பமும் கையுமாக நின்று மூன்று வருஷம் பார்த்தாள். வீட்டில் செய்தும் பார்த்தாள். 2006இல் பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, வகுப்பை நடத்திய சுனிதா வேறு வழியில்லாமல் காலை ஏழு மணிக் கூட்டத்தை இவளிடம் ஒப்படைத்தாள். ஈஜிபுராவில் இவள் குடியிருந்த தெருவுக்குப் பிலாட்டீஸ் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. யோகா டீச்சர் என்று முடித்துக்கொண்டார்கள்.

வந்த எட்டுப் பேரும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள். தமயந்திக்கு இங்கிலீஷ் அரைகுறை. அதனால் வாயால் சொல்லித் தருவதே கிடையாது, எல்லாவற்றையும் செய்தே காட்டுவாள். "டீச்சர்னா முன்னாடி செய்யணும். உக்காந்துகினு ஏவுறது மேஸ்திரி வேலை" என்பது அவள் கட்சி.

அங்கேதான் வினை வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் தண்ணீரைக் குடம் குடமாக இரண்டு மாடி ஏற்றியதில் அவள் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆறு வாரம் அந்தக் கையில் பாரம் ஊன்றவே கூடாது என்றார் டாக்டர். இவள் தைலம் தேய்த்து, துணிப்பட்டி சுற்றி, முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"டாக்டர் பேச்ச கேளுமே" என்றான் கணவன் நாராயணசாமி.

"கேட்டா மறுபடி தொடப்பம்தான். நீ புடிக்கிறியா?"

வீம்பு என்று சொல்லலாம். சொல்கிறவர்கள் ஒரு தடவை துடைப்பத்தை வைத்துவிட்டுப் பாயில் ஏறிப் பார்க்க வேண்டும். கை போனது தெரிந்தால் வகுப்பும் போய்விடும் என்ற பயம் அவளைத் தின்றது, பாவம்.

இரண்டு வாரம் பல்லைக் கடித்தாள். ஒரு புதன்கிழமை, உள்ளங்கைகளை ஊன்றி உடம்பை நேராக நிறுத்திய நொடியில் வலி முழங்கை வரை வெட்டியிழுத்தது. முகம் பாயில் மோத விழுந்தாள். எழுந்து உட்கார்ந்தபோது கண் நிறைந்திருந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது? தெரிந்த பாஷைகளைக் கலந்து வகுப்பிடம் சொன்னாள்:

"சாரி மேடம். கை நோவுது. ரெண்டு வாரமா மறைச்சிட்டேன். இன்னிக்கு செஞ்சு காட்ட ஆகாது. நோவு இருக்கறவங்க முழங்கைய ஊனுங்க, இல்லாதவங்க கைய ஊனுங்க."

எட்டுப் பேரில் ஐந்து பேர் சட்டென்று முழங்கைக்கு இறங்கினார்கள்.

தமயந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் வரிசையில் இருந்த தர்ஷினி, சேலத்துப் பெண், தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மவுஸ் பிடிச்சுப் பிடிச்சு எனக்கு நாலு மாசமா கை வலிக்குது அக்கா. நீங்களே முகம் சுளிக்காம செய்றீங்க, நான் எப்படி நிறுத்தறதுன்னு..."

தன் ஒரு கையைத்தான் கெடுத்துக்கொள்கிறோம் என்றிருந்தாள் தமயந்தி. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து, வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து முதல் முறையாகப் பாய்களுக்கு நடுவே நடந்தாள். தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து வாய் திறந்து பேசினாள். ஒருத்திக்குத் துண்டைச் சுருட்டி உள்ளங்கையின் அடியில் கொடுத்தாள். முழங்கையிலும் முடியாதவளை மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை மட்டும் தூக்கச் சொன்னாள். "நோவுனா நிறுத்திடணும். என்ன மாதிரி பண்ணாதீங்க."

வாசலில் சுனிதா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ தெரியவில்லை. "ஏனாயித்து, என்ன ஆச்சு தமயந்தி? நீ செய்யலையா?"

தமயந்தி சட்டைக் கையை மேலே ஏற்றிப் பட்டியைக் காட்டினாள். "ஒரு மாசம் இப்டித்தான் மேடம். வாயாலதான் சொல்லுவேன்."

சுனிதா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, காலியாகக் கிடந்த தமயந்தியின் பாயில் முழங்கைகளை ஊன்றி உடம்பை நிறுத்தினாள். "சரி, சொல்லு."

தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இடுப்பு தாழுது மேடம். தூக்குங்க."