ஆளில்லாத மூலைக்குப் போன பந்து

போன கிழமை பேத்தியின் கூடைப்பந்து பார்க்க ஹம்மிலிருந்து வுப்பர்டாலுக்கு ரயிலேறினோம். ஒல்லாந்துப் பிள்ளைகளும் இங்கே ஜேர்மனியிலுள்ள பிள்ளைகளும் மோதினார்கள். “அம்மா, உங்களுக்கு உது விளங்குதோ?” என்று மகள் கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு விளங்குகிற சில விஷயங்களில் அதுவும் ஒன்று. ஆனால் ஒரு பிள்ளை ஆளில்லாத மூலைக்குப் பந்தை எறிய, மண்டபமே சிரித்தபோது எனக்குச் சிரிக்க ஏலவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இந்தியாவிலிருந்து பெண்கள் கூடைப்பந்து அணியொன்று யாழ்ப்பாணத்துக்கு விளையாட வந்தது. பெண்பிள்ளைகள் கடல் கடந்து வந்து பந்து விளையாடுவது ஊருக்குப் பெரிய புதினம். எங்கள் அணியில் சித்தியும் முன்வீட்டு அக்காவும் இருந்தார்கள். விளையாடிப் பழகும்போது சித்தி திரும்பிப் பாராமலே இடது மூலைக்கு எறிவார். அக்கா அங்கே நிற்பார். ஒருநாளும் பிழைத்ததில்லை.

போட்டிக்கு ஒரு கிழமை இருக்கையில் அக்கா நெருப்புக் காய்ச்சலில் போய்விட்டார். போட்டி நாளிலேயே அவருடைய எட்டாம் நாள் சடங்கான எட்டும் வந்தது. எட்டன்று, செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, அறையில் படைத்து, கதவைச் சாத்திவிடுவோம். பொழுதுபடுகிற நேரம் ஆவி வந்து சாப்பிடும். பிறகு கதவைத் திறந்தால் சோற்றில் ஒரு விரல் அடையாளமாவது இருக்கும். பெரியவர்கள் அதை எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

“எட்டு வீட்டுக்கு முன்னாலை இருந்துகொண்டு பந்தடிக்கப் போறியோ?” என்று அம்மா சித்தியை ஏசினார். அக்காவின் தாய், நாங்கள் மாமி என்று கூப்பிடுபவர், “அவள் போகட்டும். என்ரை பிள்ளையும் ஆசைப்பட்டதுதானே” என்றார். சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போனார்.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் சித்தி இடது மூலைக்கு எறிந்தார். அங்கே ஒருவரும் இல்லை. பந்து வெளியே போனது. இரண்டாந்தரமும் அப்படியே. “ஆருக்கடி எறியிறாய், பேய்க்கோ?” என்று வேலிப்பக்கம் ஒருவன் கத்த, சனம் சிரித்தது. அணியைப் பழக்கிய ரீச்சர் சித்தியைக் கூப்பிட்டு, “இன்னொருக்கால் எறிஞ்சியெண்டால் வெளியிலை இருத்துவன்” என்றார்.

“அவள் நிண்டவள், ரீச்சர்.”

சித்தி சொன்னது ரீச்சருக்குக் கேட்டதோ தெரியாது. எனக்குக் கேட்டது.

மூன்றாந்தரமும் எறிந்தார். அந்தப் பந்து வெளியே போகவில்லை. போன வேகத்திலேயே சித்தியின் கைக்குத் திரும்பி வந்தது. தூணில் பட்டது என்றார்கள் சிலர். அந்த மூலையில் தூண் இல்லை.

தோற்றுத்தான் போனோம். நாங்கள் மாமி வீட்டுக்குப் போனபோது அவர் அறைக் கதவைத் திறந்திருந்தார். அக்காவுக்குப் படைத்த பிட்டு குவித்தபடி இருந்தது. பெண்டுகள் விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து தேடினார்கள். ஓர் அடையாளமும் இல்லை. “என்ரை பிள்ளை வரேல்லை. என்னிலை என்ன கோவமோ” என்று மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

நாலு பேருக்கு முன்னால் வாய் திறவாத பிள்ளை நான். அன்றைக்குத் திறந்தேன்.

“கோவமில்லை மாமி. அக்கா அங்கை விளையாடிக்கொண்டு நிண்டவா. இடது மூலையிலை. நான் கண்டனான்.”

நான் அக்காவைக் காணவில்லை. பந்தைத்தான் கண்டேன். மாமி அழாமல் இருக்கட்டும் என்று சொன்னேன். மாமியும் உடனே அழுகையை நிறுத்தினார். எனக்குப் பெருமையாக இருந்தது. சித்தி மட்டும் என்னை ஒருவிதமாகப் பார்த்தார். அவர் பிறகு பந்தைத் தொடவேயில்லை.

மறுநாள் பின்னேரம் மாமி கோப்பையில் பிட்டோடு திடலுக்குப் போனார். அடுத்த நாளும் போனார். பிறகு ஒவ்வொரு நாளும். இருட்டிய பிறகும் இடது மூலையில் நின்றுவிட்டு, வெறுங்கோப்பையோடு திரும்புவார். “காகம் தின்னுது” என்றார் அம்மா. இருட்டிய பிறகு காகம் ஏது என்று நான் கேட்கவில்லை. ஒருமுறை வாய் திறந்தது போதும்.

பிள்ளை வரவில்லை என்று அழுகிற தாய் என்றைக்கோ ஒருநாள் அழுது முடிப்பாள். பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல்லிவிட்டால், அவள் அதன் பிறகு வீட்டில் இருக்கமாட்டாள். ஒன்பது வயதில் எனக்கு அது தெரியவில்லை.