லண்டனுக்கு வெற்றிலை வைத்த ஆச்சி

முந்திரிக்கொத்து எண்ணெயில் விழும் நேரத்தில் சண்முகவடிவு ஆச்சி யாரையாவது திட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பலகாரம் பதமாக வேகாது என்பது அவள் நம்பிக்கை. வடசேரியில் கல்யாணம் வைக்கிறவர்களின் நம்பிக்கையும் அதுதான். முன்பெல்லாம் விறகுக்காரன், தேங்காய்க்காரன், பக்கத்து வீட்டு நாகம்மை என்று உள்ளூர்க்காரர்களை வைத்தே ஒப்பேற்றி வந்தாள். போன வருஷம், ஐம்பத்து மூன்று ஐப்பசியில், லண்டன் வீட்டுக்காரிகள் அகப்பட்டுக்கொண்டார்கள். "மாடி மாடியா வீடு கெட்டினா ஆச்சா? ஒரு பிள்ளைக்கு ஒரு மூலை குடுக்க மனசு இல்லியே சவத்துகளுக்கு!" என்று சொல்லி ஒரு கரண்டி மாவு எடுப்பாள். உருண்டைகள் மும்மூன்றாக ஒட்டிக்கொண்டு, பொன்னிறத்தில், ஒன்றுகூட விரியாமல் மேலே வரும்.

ஐம்பது வயதுக்காரி. குள்ளம். குரல் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. கல்யாணப் பலகாரம் செய்வது தொழில் என்றாலும், கல்யாணத்துக்குப் பிறகு நடப்பதையும் அவள்தான் கவனிக்கிறாள். எந்தப் பெண்ணுக்குப் போன வீட்டில் சோறு ஒழுங்காக விழுகிறது, எந்த மாமியார் உப்பு அளந்து போடுகிறாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "என் கையால உருட்டினதைத் தின்னுட்டுத்தானே தாலி கெட்டினான்? கேக்கதுக்கு எனக்கு உரிமை இல்லியா?" என்பாள். இல்லை என்று சொல்ல ஊரில் எவருக்கும் தைரியம் வந்ததில்லை.

போன இடத்தில் பெண்ணுக்குத் துன்பம் என்றால் பிறந்த வீட்டார் சும்மா இருப்பதில்லை. தாய்மாமன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கேட்கப் போவார். அவரை அழைக்க ஒரு முறை உண்டு. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்ட வேண்டும். அவர் ஒரு வெற்றிலையை எடுத்துவிட்டால் போயே தீர வேண்டும். போய்க் கேட்டு, பதிலைக் கொண்டுவந்து சொல்லும்வரை வேறு வெற்றிலையை வாயில் வைக்கக் கூடாது. இதில் ஆச்சி வெகு கண்டிப்பு. பதில் கொண்டுவராமல் கடைத்தெருவில் வாய் சிவந்து நின்ற ஒரு தாய்மாமனை, நடுரோட்டில் வைத்துத் துப்பச் சொன்னவள் அவள்.

அவளுக்கு ஒரே மகன், கிருஷ்ணமணி. தகப்பன் இல்லாத பிள்ளை. சர்க்காரே தேர்ந்தெடுத்து, சர்க்கார் செலவிலேயே இன்ஜினீயர் படிப்புக்கு லண்டனுக்கு அனுப்பியது. போகிற அன்று அதிகாரிகள் மாலை போட்டார்கள். ஆச்சி அவர்களுக்கு முந்திரிக்கொத்து கொடுத்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஐப்பசியில் அவன் கடிதம் வரும்வரை.

வாடகைக்கு அறை கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தான். காலி அறை இல்லாமல் இல்லை; அவன் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்துகிறார்களாம். சில வீடுகளில், கறுப்பு ஆட்களுக்கு இடமில்லை என்று வாசலிலேயே எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்களாம். ஒரு சிநேகிதனின் அறையில் தரையில் படுத்துக்கொள்கிறான். அந்த வீட்டுக்காரியும் கண்டுபிடித்து, கிறிஸ்துமஸுக்குள் வெளியே போகச் சொல்லிவிட்டாள். 'படுக்க இடமில்லாமல் என்ன படிப்பு? கப்பலேறித் திரும்பி வந்துவிடுகிறேன் அம்மா' என்று முடித்திருந்தான்.

அன்று ஆச்சி அடுப்பு மூட்டவில்லை. நாகம்மை வந்து எட்டிப் பார்த்தபோது சுவரோடு சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குக் கிளம்பினாள்.

தாசில்தார் குமாரதாஸ் நல்ல மனுஷன். வெற்றிலை மெல்லாத நேரத்தில் அவர் முகம் எப்படியிருக்கும் என்று ஊரில் எவருக்கும் தெரியாது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆச்சி, நம்ம அதிகாரம் ஆரல்வாய்மொழி மலையோட முடிஞ்சுபோச்சு. லண்டனுக்கு நான் என்ன செய்யட்டும்?"

"பிள்ளையைத் தெரிஞ்செடுத்தது யாரு?"

"சர்க்காரு."

"கப்பல்ல ஏத்தினது யாரு?"

"சர்க்காருதான்."

"அப்போ நாலு பேருக்கு முன்ன மாலை போடும்போ சர்க்காருக்க பிள்ளை. கதவைச் சாத்தி வெரட்டும்போ மட்டும் அம்மைக்க பிள்ளையா? இது எந்த ஊரு நியாயமாக்கும்? அனுப்பி வச்சவன்லா போய்க் கேக்கணும்?"

அவர், டில்லி பார்த்துக்கொள்ளும் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். டில்லியில் தனக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை, தனக்குத் தெரிந்த சர்க்கார் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் என்று சொல்லிவிட்டு ஆச்சி எழுந்து வந்தாள். வருகிற வழியில் ஆபீஸ் சேவகன் சுடலையாண்டியைத் தனியே அழைத்து, ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்தைக் கையில் திணித்து, காதோடு ஏதோ சொன்னாள். அவன் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பல்ல.

மூன்றாம் முறை அவள் போனது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. குமாரதாஸ் வெற்றிலைச் செல்லத்தைத் தேடி மேசை இழுப்பறைகளைக் குடைந்துகொண்டிருந்தார். "இஞ்சதானே வச்சேன். ஏலே சுடலை, பாத்தியா?" சுடலையாண்டி கூரையைப் பார்த்தான். அந்த நேரத்தில் ஆச்சி உள்ளே வந்து, பித்தளைத் தட்டை மேசைமேல் வைத்தாள். கொழுந்து வெற்றிலை, சீவிய பாக்கு, வாசனைச் சுண்ணாம்பு. ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் நிற்பதே ஆபத்து என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டியது. சோறு உண்ட மயக்கம், தோன்றவில்லை. கை தானாகப் போய் ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளியது, நரம்பை உரித்தது, வாய்க்குள் வைத்தது.

"தாசில்தாரையா வெத்திலை எடுத்தாச்சு!" என்று ஆச்சி போட்ட சத்தத்தில் குமாஸ்தாக்கள் எழுந்து நின்றார்கள். "எல்லாரும் பாத்துக்கிடுங்கோ! எனக்க பிள்ளைக்காக வேண்டி லண்டன்ல கேக்கப் போறதுக்கு ஐயா ஏத்தாச்சு!"

குமாரதாஸும் நாஞ்சில் நாட்டில் பிறந்தவர்தான். முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மறுநாளிலிருந்து அவருக்கு வடசேரியில் வெற்றிலை கிடைக்கவில்லை. கடைக்காரர்கள் வெகு மரியாதையாக எழுந்து நின்று, "லண்டன்லேர்ந்து பதில் வந்தாச்சா ஐயா?" என்று கேட்டார்கள். வீட்டில் இருந்த செல்லத்தையும் அவர் மனைவி கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "ஆச்சிக்க காரியம் முடியட்டும். பொறவு மெல்லலாம்." மனுஷன் கிராம்பை மென்றார், ஏலக்காயை மென்றார், குமாஸ்தாக்கள்மேல் எரிந்து விழுந்தார். ஆறாத எரிச்சலோடு உட்கார்ந்து, அப்போது தலைநகராக இருந்த திருவனந்தபுரத்துக்கு எழுதினார். பதில் வராமல் போகவே, பஸ் ஏறி நேரில் போய், மேலதிகாரி அறை வாசலில் நாள் முழுக்க நின்றார். நம் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு அங்கே அவமானப்பட விடுவதற்கு நமக்கு என்ன உரிமை என்று அவர் அங்கே கேட்டாராம். வெற்றிலை ஞாபகத்தில் ஆரம்பித்தவர், பேசப்பேச உண்மையாகவே கோபப்பட்டுவிட்டாராம். திருவனந்தபுரம் டில்லிக்குத் தந்தி கொடுத்தது. டில்லி லண்டனுக்குக் கொடுத்தது.

மார்கழி பிறந்த இரண்டாம் நாள் உச்சிவேளையில் குமாரதாஸ் ஆச்சி வீட்டுப் படியேறினார். லண்டனில் உள்ள நம் தூதரகத்து ஆட்கள் கிருஷ்ணமணியைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே வீடு வீடாகப் போயிருக்கிறார்கள். எங்கள் அரசு அனுப்பிய மாணவனுக்குக் கதவைச் சாத்துவது எங்களுக்குச் சாத்துவதுதான் என்று சொல்லியிருக்கிறார்கள். சிலர் மறுபடியும் சாத்தினார்கள். ஒருத்தி திறந்தாள். பையன் அறைக்குப் போய்விட்டான், படிப்பை விடவில்லை.

ஆச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் முறையை விடமாட்டாள். "கேக்கப் போனது எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு."

"நாலு பேரு போயிருக்கணும். சரி, பரதேசம்லா. கொள்ளாம், நல்ல காரியம்."

தன் கையாலேயே வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். குமாரதாஸ் கண்ணை மூடி மென்றார். நல்ல மனுஷன் முகம் திரும்பி வந்தது. புறப்படுவார் என்று பார்த்தால் உட்கார்ந்தே இருந்தார்.

"ஆச்சி, இன்னொரு காரியம் உண்டு" என்று வாசல் பக்கம் திரும்பி, "ததேயுஸ், இஞ்ச வா மக்கா" என்று கூப்பிட்டார்.

தகரப் பெட்டியோடு ஒரு பையன் வந்து நின்றான். ஆச்சிக்கு அவனைத் தெரியும். முட்டம் கடப்புறத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. இங்கே கல்லூரியில் படிக்கிறவன். ஆடி மாதம் இதே படியில் நின்று, பூட்டிக் கிடக்கும் கிருஷ்ணமணியின் அறையை வாடகைக்குக் கேட்டிருந்தான். 'மீன் வாடை நமக்கு ஒத்துக்கிடாது மக்கா' என்று பக்குவமாகச் சொல்லி, இரண்டு முந்திரிக்கொத்தையும் கொடுத்து அனுப்பியவள் அவள்தான். வடசேரியிலிருந்து கோட்டாறு வரை அவன் ஏறாத படியில்லை. பஸ் தவறிய நாட்களில் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் படுப்பான். அங்கேதான் தாசில்தார் கண்ணில் பட்டான்.

"லண்டன்ல நம்ம ஆளு போய்க் கேட்டாச்சு" என்றார் குமாரதாஸ். "வடசேரியில கேக்கதுக்கு நான் வந்திருக்கேன். இவனும் சர்க்காருக்க பிள்ளைதான்."

ஆச்சி, "அந்த அறையில எண்ணெ டின்னுல்லா கெடக்கு" என்றாள்.

"நகத்தலாம்."

"இல்ல... இந்த மீன் வாடை..."

குமாரதாஸ் உள்ளே அடுக்களைப் பக்கம் மூக்கை உயர்த்தி, இழுத்து முகர்ந்தார். "அடுப்பில என்னவாக்கும் ஆச்சி?"

"சாளை மீனு புளிமுளம்."

"சாளை எங்க உள்ளதாக்கும்?"

ஆச்சியின் குரல் தேய்ந்தது. "முட்டம்."

மதிலுக்கு அந்தப் பக்கம் நாகம்மை சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். குமாரதாஸும் சிரித்தார். பையன் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துக் கை மாற்றிக்கொண்டு, "சங்கடம்னா வேண்டாம். நான் ஊருக்குத் திரும்பிப் போயிருகேன் அம்மா" என்றான்.

கடல் தாண்டி ஒரு பிள்ளை எழுதியதும் இதுதான்; அவன் கடைசியில் வைத்த 'அம்மா' என்ற சொல்லும் இதேதான். லண்டன்காரிகளைத் திட்டிய திட்டெல்லாம் ஆச்சிக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட, அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இடுப்புச் சாவியை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டு படியிறங்கினாள். அந்த அறைக்குப் போகத் தெருவோரமாகத் தனி வழி உண்டு. ததேயுஸ் அந்தப் பக்கம் திரும்பினான். ஆச்சி குனிந்து அவன் பெட்டியைத் தூக்கினாள், மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை மோந்து பார்த்தாள், பிறகு அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து, தெருவே பார்க்கத் தலைவாசல் வழியாக உள்ளே நடந்தாள்.