ஏரிக்குள் ஒரு சிவப்புச் சதுரம்

செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, ஏரிகளில் புதிதாக ஆக்கிரமிப்பு முளைத்திருக்கிறதா என்று சொல்வது என் வேலை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சிங்கவரத்திலிருக்கும் எங்கள் நைனாவிடம் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) இதைப் பற்றிப் பெருமையடித்தேன். தகரக் கூரை பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும், இலை தழை இருந்தால் செடிகொடி என்று விட்டுவிடுவோம் என்று விலாவாரியாகச் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி பொறுமையாகக் கேட்டார். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். நான் பேசி அவர் பொறுமையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சித்திரையில் வந்த படத்தில் ஊர் ஏரி காய்ந்து கிடந்தது. எங்கள் திரையில் பச்சை இலை சிவப்பாகத் தெரியும். வறண்ட ஏரியின் ஓரத்தில் குங்குமம் வைத்த மாதிரி சின்னதாக ஒரு சதுரம்.

"இந்த வெயில்ல யாருய்யா ஏரிக்குள்ள தோட்டம் போட்டிருக்கறது?" என்று அதிகாரி என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

போனால், மாட்டுக்கொட்டாய். தகரமே தெரியாமல் கூரை முழுக்கச் சுரைக்கொடி. நைனா குடத்தோடு நின்று வேருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"யாரோட கொட்டாய் இது?"

"தெரில சார். வாடுதேன்னு தண்ணி ஊத்தறேன்" என்றார். உள்ளே கட்டியிருந்த பசு கழுத்தை நீட்டி அவர் முழங்கையை நக்கியது.

கொட்டாய் போனால் மழைக்கு மாட்டைக் கட்ட இடமில்லை. மறைத்தால் என் வேலை போய்விடும்.

"எங்க நைனாவோடது சார்" என்றேன்.

அதிகாரி ஒரு வாரம் டைம் கொடுத்தார். நைனா அவருக்கு நல்ல பிஞ்சுச் சுரைக்காயாகப் பறித்துக் கொடுத்தார். எனக்குத் தரவில்லை.

மறுநாள் காலையில் நைனாவே கடப்பாரையோடு வந்து கொட்டாயைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். நானும் போனேன். செஞ்சியில் என் வீட்டு வாசலில், பைக் நிறுத்துகிற இடத்தில், மாட்டைக் கட்டுவதென்று முடிவாகியிருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கடைசித் தகரத்தையும் இறக்கி வைத்தார். பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அது மறுபடி எப்ப வரும்?"

"அடுத்த வாரம் நைனா. ஏன், இன்னா?"

"கொட்டாய் இல்லன்னு நல்லா தெரிணும் இல்ல. உன் வேலைக்கு ஒன்னும் வந்துடக் கூடாது."

தகரத்தைத் தூக்குகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.