நைனா சொன்ன ரெண்டு

நண்டைத் தரம் பிரிப்பது என் வேலை. பழவேற்காட்டில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு கொட்டகை. கயிறு கட்டிய நண்டுகளைக் கூடையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு, கால் முளைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்துவேன். கெட்டியாக நின்றால் சதை நண்டு. உள்ளே அமுங்கினால் தண்ணி நண்டு. ஓடு மாற்றிச் சில நாள்தான் ஆகியிருக்கும், பார்க்கப் பெரிதாக இருந்தாலும் உள்ளே ஒன்றும் இருக்காது. கொண்டுவந்தவர் என்ன சொன்னாலும் காதில் வாங்க மாட்டேன். பதினாலு வருடமாக இதே வேலை என்பதால் பாத்திரக் கடையில் தட்டு வாங்கினாலும் திருப்பி அடியைப் பார்ப்பேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் மாப்பிள்ளையைத் திருப்பிப் பார்க்கக் கேட்டேனாம். என் வீட்டுக்காரர் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது ஈரல் வரை போய்விட்டிருந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் நல்ல மனுஷி. என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, இனி அறுப்பதற்கும் மருந்து ஏற்றுவதற்கும் ஒன்றுமில்லை என்றாள். "ஆனா கடைசி வரைக்கும் வலியில்லாம வெச்சுக்கலாம்மா. அதுக்குன்னே பார்க்கறவங்க இருக்காங்க." ஒரு சீட்டில் இரண்டு இடங்களை எழுதிக் கொடுத்தாள். ஒன்று, பொன்னேரியைத் தாண்டி, பத்துப் பன்னிரண்டு கட்டில் போட்ட இல்லம். மற்றது, வீட்டுக்கே வந்து பார்க்கும் ஒரு குழு. பொன்னேரி ரயிலடியில் பஸ் ஏறும்போது அந்தச் சீட்டு என் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. நைனா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தூங்குவதுபோல் பாவனை செய்துகொண்டு வந்தார். எனக்கு அழுகையை விட ஒரு கேள்விதான் முட்டிக்கொண்டு நின்றது. சாகப்போகிறவரைப் பார்த்துக்கொள்வதில் நல்லது கெட்டது எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த நண்டின் அடிப்பக்கம் எங்கே இருக்கிறது?

தம்பிக்கு அந்தக் குழப்பமே இல்லை. அவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காண்டிராக்டில் ஷிப்டு பார்க்கிறான். "அக்கா, விடியக்காலம் நாலு மணிக்கு நீ கொட்டாய்க்குப் போயிடற. நான் எப்ப வருவேன், எப்ப போவேன்னு எனக்கே தெரியாது. கட்டில் இருக்கற எடத்துல உட்டுடலாம். நர்சு கூடவே இருப்பாங்க இல்ல?" என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அம்மா போய் ஏழு வருடம் ஆகிறது. நைனாவிடம் கேட்டதற்கு, "உங்க சௌரியம் இன்னாவோ அதப் பாருங்க" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் கொட்டகை நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் இல்லம், வலது பக்கம் வீட்டுக்கு வருகிறவர்கள்.

இல்லத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். அதுவும் சாப்பாட்டு நேரம் பார்த்து. வாசலில் துளசியும் செம்பருத்தியும் இருந்தன. அதையெல்லாம் நான் கணக்கில் எடுக்கவில்லை. சமையலறையைப் பார்க்க வேண்டும் என்றேன், உடனே காட்டினார்கள். சாம்பாரை மோந்து பார்த்தேன். அன்றைக்கு வைத்ததுதான். ஒரு கட்டிலில் மெத்தையைத் தூக்கி அடியில் கை வைத்துப் பார்த்தேன், காய்ந்து இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு காலிக் கட்டிலின் மணியை அமுக்கிவிட்டு ஜன்னலைப் பார்ப்பதுபோல் நின்றேன். நாற்பது எண்ணுவதற்குள் ஒரு பெண் ஓடிவந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கை பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்தேன். அவர் மனைவி உள்ளே இருந்தாள். முதுகில் புண் வந்ததா என்று கேட்டேன். வரவில்லை, இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள் என்றார். மீன் போடுவார்களா என்று கேட்டேன். சைவம் மட்டும்தானாம். பிறந்ததிலிருந்து மீனில்லாமல் ஒரு வேளை சோறு தின்னாதவர் என் நைனா. ஆனாலும் அதற்கு ஒரு மார்க்தான் குறைத்தேன். கட்டில் காலி இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். அது எப்படிக் காலியானது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அங்கே பொறுப்பில் இருந்த அம்மா, "நேத்து காலையில" என்றாள்.

மறுநாள் அந்த இல்லத்திலிருந்து நைனாவைப் பார்க்க ஒரு நர்ஸ் வந்தாள். சொன்ன நேரத்துக்கு வந்தாள். கையில் அச்சடித்த தாள். பெயர், வயது, சாப்பாடு, தூக்கம், மலச்சிக்கல் எல்லாம் கேட்டு வரிசையாக டிக் போட்டாள். "ஐயா, வலியே இல்லன்னா சைபர், தாங்கவே முடியலன்னா பத்து. இப்ப உங்களுக்கு எவ்ளோ?" என்று கேட்டாள்.

நைனா யோசிக்காமல் சொன்னார். "ரெண்டு."

ரெண்டு என்று எழுதிக்கொண்டாள். காய்ச்சலுக்குப் போடும் மாத்திரையையே மூன்று வேளை கொடுக்கச் சொன்னாள். எனக்கு மனம் லேசானது. நைனாவுக்கு வலி பெரிதாக இல்லை, டாக்டர் பயமுறுத்திவிட்டாள் என்று தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். இடது பக்கத்தில் மார்க் நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் குழுவின் நர்ஸ் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தாள். பஸ் கிடைக்கவில்லையாம். நாற்பத்தைந்து வயதிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நைனாவின் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். தாள் ஒன்றும் எடுக்கவில்லை. என்னிடம் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். வலையில் பொத்தல் விழுந்தால் யார் தைப்பார்கள், ஏரிக்குப் போவீர்களா கடலுக்குப் போவீர்களா என்று நைனாவோடு பேச்சுக் கொடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரம் கழித்து வந்தது ஒரு குறை, வெட்டிப்பேச்சு ஒரு குறை என்று மனதுக்குள் போட்டுக்கொண்டேன்.

"இன்னும் எத்தினி நாள் சிஸ்டர்?" என்று அடுப்பங்கரைப் பக்கம் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"தெரியாது அக்கா" என்றாள்.

என்றைக்குப் பிடித்த நண்டு என்று கேட்டால் தெரியாது என்கிறவனின் கூடையை நான் தொடக்கூட மாட்டேன். அதற்கும் ஒரு குறை போட்டேன்.

திரும்பி வந்து அவளும் அதே சைபர், பத்துக் கதையைச் சொன்னாள். நைனாவும் அதே ரெண்டைச் சொன்னார். அவள் எழுதவில்லை. அவர் வலது முழங்காலை மடக்கி வயிற்றோடு ஒட்டி வைத்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதிருந்து இப்படிப் படுக்கிறார் என்று என்னைக் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் எப்படிப் படுக்கிறார் என்று நான் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவரும் அவர் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூடையைத் தூக்கி வந்தார்கள். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து ஒருவர், "இன்னாப்பா, எவ்ளோ?" என்று கேட்டார்.

"ஒன்னுமில்ல. கொழம்புக்கு ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே அவர் போனார். கூடையின் மூடித் துணியைத் தூக்கிக்கொண்டு கெளுத்தி வால்கள் வெளியே நின்றன.

நர்ஸ் வாசலில் போய் நின்று அந்தக் கூடை பக்கத்து வீட்டுக்குள் நுழைகிற வரை பார்த்தாள். "அக்கா, அவ்ளோ மீன வெச்சுக்கினு ஏன் ரெண்டுன்றாரு?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டாள். எனக்கு அந்த மாதிரி ஆட்களைப் பிடிக்கும். ஆகவே விளக்கமாகச் சொன்னேன்.

"இங்க எவனும் உள்ளத சொல்லமாட்டான் சிஸ்டர். கண்ணு பட்டுடும். எங்க கெடைச்சுதுன்னு தெரிஞ்சா நாளைக்கு பத்து போட் அங்கயே வந்து நிக்கும். கூடை நெறைய வந்தாலும் ரெண்டு, வெறுங்கூடயா வந்தாலும் ரெண்டு. எங்க நைனா எல்லாம் எங்கம்மாகிட்டயே ஒரு நாளும் சரியா சொன்னதில்ல. எவ்ளோன்னு கேட்டா..."

அதோடு நிறுத்திக்கொண்டேன். நர்ஸ் என்னைப் பார்க்கவில்லை, நைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் கட்டில் ஓரம் மறுபடி உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. "ஐயா, நம்பர் வேணாம். இந்த வலி ஒரு காத்துன்னு வெச்சுக்கங்க. விடியக்காலம் கரையில நின்னு பார்க்கறீங்க. இந்தக் காத்துல போட் எடுப்பீங்களா?"

நைனா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். ஏதோ பழைய நாளில் கரையில் நின்று நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் தோன்றியது. பிறகு சொன்னார்.

"இந்தக் காத்துல எவனும் எடுக்கமாட்டாம்மா. எடுத்தவன் வூடு திரும்பமாட்டான்."

"எத்தினி நாளா அடிக்குது?"

"மாசி மாசத்துலருந்து."

அப்போது ஆனி மாதம். நான் விரல் விட்டு எண்ணினேன். நாலு மாதம். தினம் நூற்றுக்கணக்கான நண்டுகளை அழுத்திப் பார்த்து, யார் பேச்சையும் நம்பாமல் தரம் பிரித்தவள், பெற்ற தகப்பன் ரெண்டு என்றதும் நம்பிவிட்டேன். கரையில் யார் சொன்னாலும் நம்பமாட்டேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. "ஏன் நைனா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"உனக்கு வேல இருக்குது இல்ல" என்றார்.

அவள் அங்கேயே உட்கார்ந்து அவர்களுடைய டாக்டருக்குப் போன் போட்டாள். மறுநாள் காலையில் அவளோடு டாக்டரும் வந்து பார்த்து மார்ஃபின் என்ற வலி மாத்திரை எழுதினார். தம்பி போனில் குதித்தான். "அது போதை மருந்தாச்சே, நைனாவ மயக்கிப் போட்டுடுவாங்க." நர்ஸ் போனை வாங்கி அவனோடு கால்மணி நேரம் பேசினாள். எந்த மணிக்கு எவ்வளவு, வயிறு கட்டிக்கொண்டால் என்ன செய்வது, நடுவில் வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று பொறுமையாகச் சொன்னாள். அவள் ஒருமுறைகூட அவசரப்படவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அந்தத் தாளில் அதற்கு நான் ஒரு வரியும் ஒதுக்கியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் நைனா காலை நீட்டிப் படுத்திருந்தார். நேராக, இரண்டு காலும். கெளுத்திக் குழம்பில் சோற்றைப் பிசைந்து நாலு வாய் வாங்கிக்கொண்டார். உப்புக் குறைவு என்று என்னைத் திட்டினார். வாசலில் போன பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "எவ்ளோடா?" என்று கேட்டார். அவர் வழக்கம்போல ரெண்டு என்றதும் நைனாவுக்குச் சிரிப்பு வந்து இருமல் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை வந்தது. இல்லத்துக்குப் போன் போட்டு, கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர்களும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. எங்களிடம் வந்து ரெண்டு என்பதை ரெண்டு என்று எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நானும் அதையே செய்தவள்.

அதற்குப் பிறகு நைனா இருபது நாள் போல இருந்தார். வாரத்தில் இரண்டு முறை அவள் வந்தாள், எப்போதும் நேரம் கழித்து. எண் கேட்பதை விட்டுவிட்டு, காத்து எப்படி என்று கேட்பாள். "எடுக்கலாம்" என்பார். ஒரு நாள் "கொஞ்சம் பொறுத்து எடுக்கலாம்" என்றார், அன்றைக்கு மருந்தைக் கூட்டினார்கள். நான் கொட்டகைக்குப் போகும் நேரத்தில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார். தம்பி லீவு போட்டுவிட்டு வந்து கடைசி நாலு நாள் தங்கினான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், காலை நீட்டிப் படுத்தபடியே நைனா போனார். முகத்தில் சுருக்கம் இல்லை. நான் கிட்டே போய், குனிந்து, நன்றாகப் பார்த்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல் பிரித்து, நான் கொட்டகைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். கையில் நண்டை வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அந்த நர்ஸ். ஏதோ பாக்கி மாத்திரையைத் திருப்பிக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"அதெல்லாம் அப்புறம் வாங்கிக்கறேன் அக்கா. நீங்க எப்படி இருக்கறீங்கன்னு கேக்கலாம்னுதான்."

நைனா போன பிறகும் என்னைக் கேட்க ஒருத்தி இருக்கிறாள் என்பது அந்தத் தாளைக் கோடு போட்டுப் பிரித்த நாளில் எனக்குத் தோன்றவே இல்லை. கூடைக்காரர்கள் வரிசையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கறேன் சிஸ்டர். ஒன்னுமில்ல" என்றேன். பிறகு பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. "ஒரு ரெண்டு இருக்கும்."



"நாளைக்கு வரேன் அக்கா" என்றாள்.