இம்ரானுக்காக டைஸ் போடுற ரூல்

ஞாயித்துக்கிழமைன்னா எங்க வீட்டு ஹால்ல என் பேத்தி நிவேதாவும் அவ தோஸ்துங்களும் டைஸ் உருட்டிக் கதை ஆட்டம் ஆடுவாங்க. ஆளுக்கொரு வேஷம். கதையை நடத்துறது என் பேத்திதான். அதுல எனக்கு ரொம்பப் பெருமை.

அந்த தோஸ்துங்கள்ல ஒருத்தன் இம்ரான். அவனுக்கு வைத்தியர் வேஷம். போன மழைக்காலத்துல தோல் பதனிடுற ஷெட்டோட கழிவுத் தொட்டியைச் சுத்தம் பண்ண எறங்கின புள்ள, உயிரோட மேல வரல.

அப்புறம் இவங்களே ஒரு ரூல் போட்டாங்க. கதையில வைத்தியர் சாகக் கூடாது. அவன் முறை வந்தா மத்தவங்க மாத்தி மாத்தி அவனுக்காக டைஸ் போடணும்.

இதைப் பேத்தி நெட்டுல அந்த ஆட்டக்காரங்க குரூப்புல எழுதிட்டா. இன்னிக்குக் காலையில பதில் குவிஞ்சி கெடக்கு. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்ச நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன்.

"சாகவே மாட்டான்னா அது இன்னா கேம்?"

"புக்குல இல்லாத ரூல் இது. நல்ல சாவா ஒண்ணு குடுத்து முடிச்சிடுங்க."

பேத்தி மொகம் செத்துப் போச்சு. "அவங்க சொல்றதும் சரிதான் ஆயா. இன்னிக்கு வைத்தியர் கதையை முடிச்சிடுறேன்."

ஆட்டம் பாதியில இருக்கும்போது, வாரா வாரம் வர்ற மாதிரியே இம்ரானோட அம்மா வாசல்ல வந்து நின்னாங்க.

"என் புள்ள இன்னிக்கு இன்னா பண்ணான்மா?"

பேத்தி டைஸை உருட்டினா. இன்னா விழுந்துதுன்னு குனிஞ்சிகூடப் பாக்கல.

"ரெண்டு பேரைக் காப்பாத்திட்டான் அம்மீ."

நெட்டுல ரூல் சொன்ன புண்ணியவான்களே, அடுத்த ஞாயித்துக்கிழமை ஆம்பூருக்கு வாங்க. அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க. டீ நான் போடுறேன்.