தூக்கணாங்குருவிக் கதை சொன்ன செல்லத்துரை அண்ணன்

செல்லத்துரை அண்ணன் நேற்று இறந்துவிட்டார். எஸ்டேட் லயத்து வீட்டுக் கூரையிலிருந்து விழுந்து... மெடிக்கல் காலேஜுக்குப் போகிற வழியிலேயே.

எங்கள் டீ ஃபேக்டரியில் பதினெட்டு வருஷம் என்னோடு வேலை பார்த்தவர். லயத்தில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

வண்டிப்பெரியாரை விட்டுத் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்ட நம் ஆட்களுக்காக எழுதுகிறேன். போன் மேல் போன் வருகிறது. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல என்னால் முடியவில்லை.

அவரை நினைத்தால் உங்களுக்கும் அந்தத் தூக்கணாங்குருவிக் கதைதானே ஞாபகம் வரும்? எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல்.

மழையில் நனைகிற குரங்கைப் பார்த்து, கூட்டுக்குள் இருக்கிற குருவி, "உனக்குத்தான் கை கால் இருக்கே, ஒரு வீடு கட்டக் கூடாதா" என்று கேட்கும். குரங்குக்குக் கோபம் வந்து கூட்டைப் பிய்த்து எறிந்துவிடும். இவ்வளவுதான் கதை. அண்ணன் சொன்னால் ஒரு டீ பிரேக் முழுசாகப் போய்விடும்.

டீத்தூள் புழுதியில் நிற்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள் என்று ஒரு தடவை சொன்னேன். அது நான் செய்த தப்பு. எல்லார் முன்னாலும் கதையை ஆரம்பித்து, "குருவி சொல்லிட்டுப் போவுது, நீங்க வேலையப் பாருங்கடே" என்று முடித்தார். அன்றிலிருந்து ஃபேக்டரி முழுக்க எனக்குக் குருவி என்று பெயர்.

போன வருஷம் கண் கேம்ப் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு குருவி ஸ்டிக்கர் வந்தது. கேம்ப்புக்குப் போகவில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஏண்ணே, குருவி சொன்னது சரிதான? கூட்டப் பிச்சுப் போட்ட பெறகும் கொரங்கு நனைஞ்சுகிட்டுத்தான இருந்துச்சு?"

"சரிதான் தங்கச்சி. ஆனா நனைஞ்சுகிட்டு நிக்கவன்ட்ட போயி எவளாவது வீடு கட்டச் சொல்லுவாளா?"

அவர் அடுப்படிக்கு மேலே கூரை ஷீட் உடைந்து மூன்று மழைக்காலம் ஆயிற்று. ஆபீஸில் மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். லயம் கம்பெனியுடையது, கூரையில் நாம் கை வைக்கக் கூடாது, அவர்கள்தான் ஆள் அனுப்ப வேண்டும். இங்கே எல்லா வீட்டுக்கும் அதுதான் வழக்கம்.

போன வாரம் விடாத மழை. அவர் வீட்டுத் தண்ணீர் சுவர் வழியாக இறங்கி என் அரிசி மூட்டையை நனைத்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "கம்பெனி வரும், கம்பெனி வரும்னு எத்தன வருசம் இருப்பீக? ஒங்களுக்குக் கை கால் இல்லயா?" என்று கத்திவிட்டேன்.

கதை வரும் என்று நின்றேன். வரவில்லை. ஷீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நேற்று காலை மழை கொஞ்சம் விட்டதும் தார்ப்பாயோடு ஏறியிருக்கிறார். பாசி பிடித்த பழைய ஷீட்... ஆள் பாரம் தாங்கவில்லை.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். "'குருவி வீட்டுக்குள்ளயும் தண்ணி போவுது, இன்னைக்கு மூடிருதேன்'னு சொல்லிட்டுத்தாம்மா ஏறுனாக."

இன்று காலை ஆபீஸிலிருந்து இரண்டு பேர் டேப்போடு வந்தார்கள். ஷீட்டை அளந்துகொண்டு போனார்கள். இன்றைக்கு வரத் தெரிகிறது.

அடக்கம் நாளை பதினொரு மணிக்கு. வர முடிந்தவர்கள் வாருங்கள், மதினி தனியாக இருக்கிறார்கள்.

பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட என் பேச்சைக் கேட்காத மனுஷன். நேற்றும் கேட்காமல் இருந்திருக்கலாமே அண்ணே... போய் வாருங்கள்.